குக்கர் விசில் வரவில்லையா? அறிகுறி பார்த்து, காரணம் கண்டு, சரிசெய்யும் வழி

காலை ஏழரை மணி. பள்ளி வேன் எட்டே காலுக்கு. குக்கர் வைத்துப் பதினைந்து நிமிடம் ஆகியும் சத்தமே இல்லை. அந்த நேரத்தில் கை தானாகச் செய்யும் காரியங்கள் இரண்டுதான்: வெயிட்டைக் கரண்டியால் தட்டுவது, தீயைக் கூட்டுவது. இரண்டும் காரணத்தைத் தொடுவதில்லை. அடியில் இருக்கும் தண்ணீர் மட்டும் இன்னும் சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

கோளாறு பார்க்கத் தொடங்கும் முன் குக்கருக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது, ஆவியாகப் போய்விடும். குக்கரில் அந்த ஆவிக்கு வெளியேற வழி கிடையாது. அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலையும் ஏறுகிறது. நம் வீட்டுக் குக்கர்களின் வெயிட், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் வந்ததும் தூக்கும். அப்போது உள்ளே 120 டிகிரி. அந்த இருபது டிகிரிதான் முக்கால் மணி நேர வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துத் தருகிறது. ஆகவே எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: ஆவி எங்கே போகிறது?

மூடி ஓரத்தில் ஆவி கசிகிறது, விசில் இல்லை

பத்தில் எட்டு முறை இதுதான். கசியும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், உலர்ந்த எவர்சில்வர் கரண்டியின் முதுகை மூடியின் ஓரமாகச் சுற்றிக் காட்டிப் பாருங்கள். எங்கே பனிக்கிறதோ அங்கேதான் ஓட்டை.

ஒரே இடத்தில் மட்டும் பனித்தால் ரப்பரைக் குறை சொல்லாதீர்கள். முதலில் அந்த இடத்தில் ஒரு சோற்றுப் பருக்கையோ கறிவேப்பிலைத் துணுக்கோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குக்கரின் வாயை விரலால் தடவுங்கள். சின்னச் சின்னப் பள்ளங்கள் தட்டுப்படும். கிளறிய கரண்டியை விளிம்பில் 'டங் டங்' என்று தட்டும் பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. அலுமினியம் மெத்தென்ற உலோகம், வருடக்கணக்கில் வாங்கிய அடி அப்படியே பள்ளமாக நின்றுவிடும். பள்ளம் விழுந்த வாய்க்கு எத்தனை புது ரப்பர் போட்டாலும் கசிவு நிற்காது. அந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். தட்டித்தான் ஆகவேண்டும் என்றால் உள்ளங்கையில் தட்டுங்கள்.

சுற்றிலும் பனித்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. அப்போதைக்கு ஒரு வழி: குக்கரை இறக்கி, அழுத்தம் அடங்கியபின் மூடியைத் திறந்து, ரப்பரைக் கழற்றி ஐந்து நிமிடம் ஃப்ரீஸரில் வையுங்கள், அல்லது பானைத் தண்ணீரில் போடுங்கள். குளிரில் சற்றே சுருங்கி இறுகும், அன்றைய சமையலுக்குத் தாங்கும். சில ரப்பர்களை மேல் கீழாகத் திருப்பிப் போட்டாலே பிடித்துக்கொள்ளும். சப்பாத்தி மாவைத் திரித்து ஓரத்தில் அப்புவதும் ஒரு பழைய கைவைத்தியம். அவசரத்துக்கு ஒரு நாள் செய்யலாம், இரண்டாம் நாளும் அதையே செய்யக் கூடாது. வளைத்துப் பார்க்கும்போது ரப்பரில் மெல்லிய வெடிப்புத் தெரிந்தால், அழுத்தினால் திரும்பி எழாமல் கட்டைபோல இருந்தால், அதன் காலம் முடிந்துவிட்டது. தினமும் இரண்டு வேளை குக்கர் வைக்கும் வீட்டில் வருடத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. வாங்கும்போது லிட்டர் அளவை மட்டும் சொல்லாதீர்கள், பழைய ரப்பரையே கையில் எடுத்துப் போங்கள். ஒரே ஐந்து லிட்டருக்குக் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும்.

ரப்பர் நீண்டகாலம் உழைக்க ஒரே வழிதான் எனக்குத் தெரிந்தது. வேலை முடிந்ததும் மூடியிலிருந்து கழற்றி, கழுவித் துடைத்து, சமதளத்தில் படுக்க வைப்பது. ஆணியில் மாட்டினால் தன் எடையிலேயே நீளும். மூடிக்குள்ளேயே ஈரத்தோடு விட்டால் வாடையும் வரும், சீக்கிரம் தடித்தும் போகும்.

கைப்பிடி ஆடினாலும் இதே அறிகுறி வரும். மேல் கைப்பிடியும் கீழ்க் கைப்பிடியும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராதபோது மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். ஸ்குரூவை முறுக்கினால் முடிந்தது.

ஓரத்தில் கசிவே இல்லை, ஆனாலும் விசில் இல்லை

இந்த அறிகுறியை அலட்சியப்படுத்த வேண்டாம். தீ மிகக் குறைவாக இருக்கலாம், சிலிண்டர் தீரும் நிலையில் இருக்கலாம், பெரிய குக்கரில் நிறையக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியிருக்கலாம். இவை சாதாரணம். ஆனால் வெயிட் உட்காரும் குழாய் அடைத்திருந்தாலும் இப்படித்தான் அமைதியாக இருக்கும். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

சந்தேகம் வந்தால் உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள். வெயிட்டைத் தொடாதீர்கள், மூடியைத் திருகாதீர்கள், குக்கர் மேல் குனியவும் வேண்டாம். தானாக ஆறட்டும், அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை. நன்றாக ஆறியபின் திறந்து, மூடியை ஜன்னல் பக்கம் தூக்கிக் குழாயின் ஓட்டை வழியே பாருங்கள். வெளிச்சம் வட்டமாகத் தெரியவேண்டும். தெரியவில்லை என்றால் துடைப்பத்து ஈர்க்குச்சியால் குத்தி, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சுங்கள். பருப்புத் தோல், தக்காளி விதை, வெந்த கீரை இவைதான் வழக்கமாக அடைக்கும்.

மூடியைத் தூக்கி வெளிச்சம் பார்ப்பதை நான் ஒவ்வொரு முறை மூடும் முன்பும் செய்கிறேன். இரண்டு விநாடி ஆகும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால், இதை வையுங்கள்.

வெயிட் போடுவதற்கும் ஒரு முறை உண்டு. மூடியதும் வெயிட்டை வைத்துவிடாமல், குழாய் வழியாக ஆவி நேர்க்கோடாகச் சீறும் வரை பொறுத்து, பிறகு வையுங்கள். குழாய் திறந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. இன்னொரு லாபமும் உண்டு. உள்ளே இருக்கும் காற்றை ஆவி முதலில் வெளியே தள்ளிவிடுகிறது. காற்று கலந்து நின்றால் விசில் வந்தாலும் உள்ளே சூடு 120-க்கு வந்திருக்காது.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் புரியவில்லை என்றால் வெறும் தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். ஐந்து லிட்டர் குக்கரில் இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும் விட்டு, மூடி, முழுத் தீயில் வையுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் விசில் வரவேண்டும். வந்தால் குக்கரில் குறை இல்லை, நீங்கள் அன்றைக்குப் போட்ட அளவிலோ தண்ணீரிலோதான் குறை.

விசிலோடு மஞ்சள் தண்ணீர் தெறித்து அடுப்பெல்லாம் பருப்பு

பருப்பு கொதிக்கும்போது நுரைக்கும். அந்த நுரை குழாய் வரை ஏறி, விசிலோடு வெளியே வருகிறது. அடுப்பு அசிங்கமாவது சின்ன விஷயம். முந்தைய அறிகுறியில் சொன்ன அடைப்புக்கு இதுதான் தாய்.

பருப்பு, பயறு வகைகளைக் குக்கரில் நேரடியாகப் போட்டால் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் போகக் கூடாது. முதல் கொதியில் மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு மூடுங்கள். அரை ஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்கள், நுரை அடங்கும். விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடுகிற வீடுகளும் உண்டு, அதன் முதல் பயனும் இதேதான். விசில் வந்த கணமே தீயைச் சிம்முக்குக் கொண்டுவாருங்கள். இத்தனைக்கும் பிறகும் தெறித்தால், பருப்பைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, குக்கருக்கு அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். கிண்ணத்தில் மூன்று விரல் இடம் காலியாக இருக்கட்டும். என் வீட்டில் இதுதான் நிரந்தர ஏற்பாடு, கீழே பருப்பு, மேல் தட்டில் உருளைக்கிழங்கு. ஒரே தீயில் இரண்டும் முடிகிறது.

தெறிக்கிறதே என்று வெயிட்டின் மேல் துணி போர்த்துவதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். வெயிட் தூக்குவதற்குத் தடையாக எதுவும் அதன் மேல் இருக்கக் கூடாது.

'ஆறு விசில் விட்டேன், ஆனாலும் வேகவில்லை'

ஆறு விசில் என்பது எந்த அளவும் அல்ல. முழுத் தீயில் ஆறு விசில் நாலு நிமிடத்தில் வந்துவிடும், சிம்மில் அதே ஆறுக்கு அரை மணி ஆகும். மூன்று லிட்டர் குக்கரின் விசில் வேறு, ஏழரை லிட்டரின் விசில் வேறு. அம்மா வீட்டில் 'நாலு விசில்' என்று கற்றது நம் வீட்டில் பொய்த்துப்போவதற்கு இதுதான் காரணம், கைப்பக்குவம் அல்ல. விசில் சொல்வது 'உள்ளே அழுத்தம் வந்துவிட்டது' என்ற ஒரே செய்தியை. அது கேட்டதும் தீயைக் குறைத்து, அங்கிருந்து கடிகாரத்தைப் பாருங்கள்.

முதல் விசிலுக்குப் பின் சிம்மில் நான் வைக்கும் நேரம்: ஊறிய துவரம்பருப்புக்கு ஆறு நிமிடம், ஊறாததற்குப் பத்து. இரவு முழுக்க ஊறிய கொண்டைக்கடலைக்குப் பதினைந்து முதல் இருபது. முழு உருளைக்கிழங்கு பத்து. வெள்ளாட்டுக் கறி இளசாக இருந்தால் இருபது, முற்றலாக இருந்தால் முப்பதுக்கும் தயாராக இருக்கவேண்டும். உங்கள் அடுப்புக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பின் ஆகும். ஒரு வாரம் கவனித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். சிலிண்டர் முன்பைவிடக் கூடுதல் நாள் வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும், பருப்பு மணிக்கணக்கில் கிடந்தாலும் முரண்டு பிடிக்கும். குக்கர் அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டுகிறது. ஆனாலும் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் உள்ளே 116 டிகிரி அளவுக்குத்தான் போகும். மேலே சொன்ன நேரங்களோடு கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் சரியாக வைத்தும் பருப்பு மட்டும் வேகவில்லை

ஊரில் ஆற்றுத் தண்ணீரில் மலர்ந்து குழைந்த அதே பருப்பு, நாங்கள் நகரத்துக்குக் குடிவந்து போர் தண்ணீரில் சமைக்கத் தொடங்கியதும் மணல்போல நின்றது. மளிகைக் கடைக்காரரிடம் இரண்டு முறை சண்டை போட்டேன். அவர்மேல் தவறே இல்லை. எங்கள் பக்கெட்டில் படிந்த வெள்ளை உப்புக்கறையைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்கவேண்டும்.

கடினத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். பருப்பின் அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையை அவை கட்டி இறுக்கிவிடுகின்றன. அந்தப் பசை கரைந்தால்தான் பருப்பு மசியும். புளியும் தக்காளியும் கூட இதையே வேறு வழியில் செய்கின்றன. புளிப்பில் அந்தப் பசை எளிதில் கரைவதில்லை. பருப்போடு தக்காளியைச் சேர்த்து வேகவைக்கும் பழக்கம் நல்ல தண்ணீர் உள்ள வீட்டில் செல்லும், உப்புத் தண்ணீர் வீட்டில் செல்லாது. மூன்றாவது காரணம் பருப்பின் வயது. வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் மாதக்கணக்கில் கிடந்த பருப்பு உள்ளுக்குள் இறுகிப்போகும்.

குற்றவாளி தண்ணீரா பருப்பா என்பதை ஒரே நாளில் கண்டுபிடிக்கலாம். இரண்டு சின்னக் கிண்ணங்களில் ஒரே பருப்பு, ஒரே அளவு. ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீர், மற்றதில் கேன் தண்ணீர். இரண்டையும் ஒரே குக்கரில் அருகருகே வையுங்கள். கேன் தண்ணீர்க் கிண்ணம் மட்டும் வெந்தால் தண்ணீர்தான் காரணம். இரண்டும் வேகவில்லை என்றால் பருப்பு பழசு.

தண்ணீர் காரணம் என்றால் பருப்புக்கு மட்டும் கேன் தண்ணீர் வைத்துக்கொள்வது எளிது, அரை டம்ளர் பருப்புக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீரே போதும். அது முடியாதென்றால் வீட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் வெள்ளையாகப் படிந்ததைக் கலக்காமல் மேலாக வடித்து எடுங்கள். கடினத்தில் ஒரு பகுதி அப்படியே அடியில் தங்கிவிடும். பருப்பு பழசு என்றால் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிடுவது முதல் மருந்து. அதற்கும் மசியாவிட்டால் மட்டும் சமையல் சோடா, அதுவும் அரை டம்ளர் பருப்புக்கு ஒரு சிட்டிகைக்குள். கூடினால் சோப்பு வாடை வரும், பருப்பில் உள்ள பி1 வைட்டமினும் அழியும். தினமும் சோடா போட்டுப் பருப்பு வேகவைக்கும் பழக்கம் எனக்குச் சம்மதம் இல்லை. கொண்டைக்கடலைக்கோ ராஜ்மாவுக்கோ இரவில் ஊறவைக்கும் தண்ணீரிலேயே ஒரு ஸ்பூன் உப்புப் போடுங்கள், தோல் நன்றாக இளகும்.

அரைவேக்காட்டில் திறந்துவிட்டீர்களா? பச்சைத் தண்ணீர் ஊற்றாமல் வெந்நீர் விட்டு மறுபடி ஐந்து நிமிடம் வையுங்கள். புளி சேர்த்துச் சாம்பாரே ஆகிவிட்டது, பருப்பு மட்டும் நறுக்கு நறுக்கென்று நிற்கிறது என்றால் இனி கொதிக்கவைத்துப் பயனில்லை. காய் வராமல் இரண்டு கரண்டி அள்ளி, ஆறவைத்து, மிக்ஸியில் ஒரு சுற்று அடித்துத் திரும்ப ஊற்றுங்கள். சாம்பார் சேர்ந்துகொள்ளும்.

சாதம் கீழே குழைவு, மேலே அரிசி

பாத்திரத்துக்குள் அரிசியைக் குவியலாக விட்டிருப்பீர்கள், அல்லது தண்ணீர் குறைவு. அரிசியைப் பரப்பி, தண்ணீர் விட்டபின் பாத்திரத்தை ஒருமுறை குலுக்கி மட்டப்படுத்துங்கள். பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு, புழுங்கலரிசிக்கு ஒன்றுக்கு மூன்று என்று தொடங்கி, புது அரிசி என்றால் கால் டம்ளர் குறைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் தானாக அடங்கும் அந்தப் பத்து நிமிடமும் வேகும் நேரம்தான். அவசரமாகத் திறந்தால் மேலே இருப்பது அரிசியாகவே நிற்கும்.

அடிப்பிடிக்கிறது

பிரிஞ்சி, தக்காளி சாதம், கெட்டிக் குழம்பு இவற்றில்தான் வரும். வதக்கிய மசாலா அடியில் ஒட்டிக்கிடக்க, மேலே தண்ணீர் ஊற்றி அப்படியே மூடிவிடுகிறோம். ஒட்டியது நேரே கருகத் தொடங்குகிறது. தண்ணீர் ஊற்றியதும் தட்டைக் கரண்டியால் அடியை நன்றாகச் சுரண்டிக் கலக்கி, கொதி வந்தபின் மூடுங்கள். அடி மெலிந்த குக்கர் என்றால் முதல் விசிலுக்குப் பின் கீழே ஒரு பழைய தோசைக்கல்லை வையுங்கள்.

தீய்ந்த வாடை வந்துவிட்டால் அணைத்து, குக்கரின் அடியை ஒரு தாம்பாளத் தண்ணீரில் உட்காரவையுங்கள். அழுத்தம் போனபின் திறந்து, சுரண்டாமல் மேலாக இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கரண்டி அடியைத் தொட்டால் வாடை முழுவதிலும் ஏறிவிடும். கருகிய அடிக்குத் தண்ணீர் விட்டு மூடியில்லாமல் கொதிக்கவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டால் மரக்கரண்டிக்கே வந்துவிடும். எவர்சில்வர் குக்கருக்குச் சோடா போட்டுக் கொதிக்கவைக்கலாம். அலுமினியத்துக்கு வேண்டாம், கறுத்துவிடும்.

அலுமினியம் உள்ளே ஏற்கெனவே கறுத்திருந்தால், அடித் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சை மூடியோ ஒரு சுளைப் புளியோ போட்டு வையுங்கள். கறுப்பு விலகும், இனி கறுக்காமலும் இருக்கும்.

'டப்' என்ற சத்தத்தோடு மூடியில் ஓட்டை, ஆவி பீறிடுகிறது

சேஃப்டி வால்வு தன் வேலையைச் செய்திருக்கிறது. அதற்குள் குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை ஒன்று இருக்கும். அடியில் தண்ணீர் வற்றினாலோ குழாய் அடைத்தாலோ அது உருகி வழிவிட்டு, குக்கர் வெடிக்காமல் காக்கிறது. பாதுகாப்பு வால்வு குக்கர் பிறந்த காலத்திலிருந்தே உடன் வந்தது. 1679-இல் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பை மெழுகாக வேகவைக்கும் ஆவிப் பாத்திரத்தை லண்டனில் காட்டினார், அதற்கு வால்வை வைத்தவரும் அவரே.

உருகிய வால்வின் ஓட்டையை எதைக்கொண்டும் அடைக்காதீர்கள். அதே கம்பெனி வால்வை வாங்கிப் பொருத்துங்கள், ஆனால் அதற்கு முன் அது ஏன் உருகியது என்று மேலே சொன்னவற்றில் தேடுங்கள். ரப்பர் கசிவால் தண்ணீர் தீர்ந்ததுதான் பெரும்பாலும் இருக்கும். குக்கரே மாற்றும் நிலை என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து வீட்டுக் குக்கர்களுக்கு அது கட்டாயம்.

இட்லி சப்பையாக, மேலே தண்ணீர் சொட்டி

குக்கரில் இட்லி வைக்கும்போது வெயிட் போடக் கூடாது. இட்லிக்கு வேண்டியது அழுத்தம் அல்ல, ஆவி மட்டும். கொழுக்கட்டைக்கும் இதே கதை. தண்ணீர் கொதித்து ஆவி வந்தபின் தட்டை இறக்கி, முழுத் தீயில் பத்து நிமிடம்.

மூடி திறக்க மறுக்கிறது

இரண்டு காரணங்கள், இரண்டும் நேர் எதிரானவை. குக்கர் இன்னும் சூடாக இருந்தால் உள்ளே அழுத்தம் மிச்சம் இருக்கிறது. பலம் கொடுத்துத் திறந்தால் 120 டிகிரியில் இருக்கும் குழம்பு ஒரே கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். அவசரத்துக்கு வெயிட்டை டக்கென்று தூக்குவதும் அதே ஆபத்துதான், முக்கியமாகப் பருப்பிலும் கஞ்சியிலும். சாதத்துக்கும் கிழங்குக்கும் வேண்டுமானால் குக்கரைத் தொட்டியில் வைத்து, வெயிட் மேல் படாமல் ஓரமாகத் தண்ணீர் விட்டுக் குளிர்விக்கலாம். பருப்புக்கு அதுவும் வேண்டாம், பொறுத்திருங்கள்.

நன்றாக ஆறிய பிறகும் திறக்கவில்லை என்றால், உள்ளே ஆவி தண்ணீராகி வெற்றிடம் உண்டாகி, வெளிக்காற்று மூடியை அழுத்திக்கொண்டிருக்கிறது. சுத்தியலைத் தேடவேண்டாம். வெயிட்டை எடுங்கள், காற்று உள்ளே போகும் மெல்லிய சத்தம் கேட்கும், மூடி தளரும். அப்படியும் வராவிட்டால், வெயிட் இல்லாமலேயே அரை நிமிடம் சிறு தீயில் வைத்து இறக்கித் திருகுங்கள்.